ஊசி வேண்டாம் என்றவர்

"சார், சார்... உள்ளே போகாதீங்க. சொன்னா கேளுங்க!"

பள்ளிக்கூட கேட்டில் கை வைத்த பூட்டுக்காரர் அப்படியே நின்றார். தலையில் குல்லா, கையில் குடை, கண் மட்டும் தெரியும் முகக்கவசம் என்று ஓர் ஆள் குறுக்கே வந்து நின்றிருந்தார்.

"ஏன், என்னவாம்?"

"உள்ளே தடுப்பூசி போடறாங்க. காலையிலேர்ந்து ஒரு ஈ காக்கா உள்ளே போகலை. நீங்களும் தப்பிச்சு ஓடிடுங்க."

பூட்டுக்காரரின் காதுக்கு இதைவிட இதமான பேச்சு வேறு இல்லை. ஊசி என்றாலே அவருக்கு ஆகாது. தொற்று பரவ ஆரம்பித்த நாள் முதல், சாவி போட வருகிறவர்களிடம் ஊசிக்கு எதிராக ஒரு பாட்டம் பேசி முடித்துத்தான் சாவியையே கையில் கொடுப்பார். ஆனால் மகளுக்குக் குழந்தை பிறந்து பதினெட்டு நாள் ஆகிவிட்டது. "ஊசி போட்ட சீட்டைக் காட்டினாத்தான் கதவைத் திறப்பேன்ப்பா. அதுவரைக்கும் பேத்தியை போன்லயே பார்த்துக்கங்க" என்று அவள் கறாராகச் சொல்லிவிட்டாள். ஊரார் கதவையெல்லாம் திறந்துவிடுகிறவருக்குப் பெற்ற மகளின் வீட்டுக் கதவு மட்டும் பெப்பே காட்டியது. வேறு வழியில்லாமல்தான் கிளம்பி வந்திருந்தார்.

எதிர்ப்புறம் பஸ் நிழற்குடையில் அவருடைய தெருக்காரர்கள் பத்திருபது பேர் நின்றிருந்தார்கள். யார் முதலில் போய் மாட்டுகிறார்கள் பார்க்கலாம் என்று எல்லார் முகத்திலும் எழுதி ஒட்டியிருந்தது.

"போட்டுக்கிட்டா என்ன ஆகுங்கறீங்க?" என்றார் பூட்டுக்காரர். பதில் கொஞ்சம் பலமாக வந்தால் அப்படியே வீட்டுக்குத் திரும்பிவிடலாம் என்று நினைப்பு.

"உடம்பே காந்தமாயிடும் சார். தோள்ல கரண்டி ஒட்டும்!"

பூட்டுக்காரர் நெளிந்தார். இதே கரண்டிக் கதையைப் போன வாரம் கடையில் நாலு பேரிடம் அவரே சொல்லியிருக்கிறார். சொல்லும்போது கம்பீரமாகத்தான் இருந்தது. அடுத்தவர் வாயால் கேட்கும்போது மரை கழன்ற பேச்சாகப் பட்டது.

"எந்தக் கரண்டி? இரும்பா, பித்தளையா?"

"எல்லாக் கரண்டியும்தான்."

"பித்தளை காந்தத்துல ஒட்டாதுய்யா. முப்பது வருஷமா நான் பித்தளைச் சாவியைத்தான் அரத்தால ராவிக்கிட்டு இருக்கேன்."

"கரண்டியை விடுங்க. எங்க சகலைக்கு ஊசி போட்ட மறுநாளே மீசை கொட்டிப்போச்சு. இடது பக்கம் மட்டும்."

"அது என்ன இடது பக்கம் மட்டும்?"

"இடது கையிலதானே போட்டாங்க!"

நிழற்குடையில் கொல்லென்று சிரிப்பு எழுந்தது. சிலர் சாலையைக் கடந்து கிட்டத்தில் வந்தார்கள். குல்லாக்காரர் அசரவில்லை. குரலைத் தாழ்த்தி, ஆனால் எல்லார் காதிலும் விழுகிற மாதிரி, "பக்கத்துத் தெருவுல நேத்து அறுபது பேர் போட்டுக்கிட்டாங்க சார். என்னால தடுக்க முடியலை. உங்க தெருவுல அந்தக் கவலை இல்லை. சுத்தப் பயந்தாங்கொள்ளி ஜனம். ரொம்ப நல்லது!" என்றார்.

பூட்டுக்காரருக்குச் சுருக்கென்றது.

"யாரைய்யா பயந்தாங்கொள்ளிங்கறே? ஊசின்னா என்னன்னு தெரியுமா உனக்கு? திருடன் வர்றதுக்கு முன்னாடியே அவன் போட்டோவை வாட்ச்மேன்கிட்டக் காட்டி வைக்கிறாங்கல்ல, அந்த மாதிரி. நாளைக்குக் கிருமி வந்தா உடம்பு அடையாளம் கண்டுபிடிச்சுப் போட்டுத் தாக்கும்!"

மகள் ஒரு மாதமாக போனில் தொண்டை வற்றச் சொன்னது அது. இந்தக் காதில் வாங்கி அந்தக் காதில் விட்டதாகத்தான் அவர் நினைத்திருந்தார். இப்போது என்னவோ தானே கண்டுபிடித்தது போல வந்து விழுந்தது.

"ஆனா ஜுரம் வருமே சார்?"

"ஒரு நாள், ரெண்டு நாள் வரும், போகும். மூச்சுக்குத் திணறிக்கிட்டு ஆஸ்பத்திரியில கிடக்கிறதுக்கு அது எவ்வளவோ தேவலை. மருந்தைப் பத்தி உனக்கு என்னய்யா தெரியும்? தள்ளு!"

கேட்டைத் தள்ளிக்கொண்டு விறுவிறுவென்று உள்ளே போனார். வகுப்பறை வாசலில் செருப்பைக் கழற்றுகிற சாக்கில் நின்றார். திரும்பிப் பார்த்தார். தெருவே பார்த்துக்கொண்டிருந்தது. இனி எப்படித் திரும்புவது?

"பயமா இருந்தா கண்ணை மூடிக்கங்க" என்றார் நர்ஸம்மா.

"பயமா? எனக்கா?" என்றார் அவர், கண்ணை இறுக மூடிக்கொண்டே.

எறும்பு கடித்த மாதிரிகூட இல்லை. கண்ணைத் திறந்தால் பின்னால் அவர் தெருத் தையல்கார அம்மா கையை மடக்கிக்கொண்டு தயாராக நின்றார். அவருக்குப் பின்னால் வரிசை கேட்டைத் தாண்டிப் போயிருந்தது.

குழந்தைகள் உட்காரும் குட்டி பெஞ்சில் முழங்கால் மோவாயை இடிக்க அரை மணி நேரம் உட்கார்ந்தார். சீட்டைப் படம் பிடித்து மகளுக்கு அனுப்பினார். "எப்பப்பா வர்றீங்க?" என்று உடனே பதில் வந்தது. அதை நாலு தடவை படித்தார். பக்கத்தில் வந்து உட்கார்ந்தவர்களுக்கெல்லாம் வாட்ச்மேன் கதையைச் சொன்னார். எல்லார் ஊசியும் முடிந்தபிறகுதான் அவருக்கு எழுந்திருக்கவே மனசு வந்தது.

வெளியே வந்தால் குல்லாக்காரர் இன்னும் கேட்டிலேயே சாய்ந்து நின்றிருந்தார். அந்த ஆளைப் பார்க்க இப்போது பூட்டுக்காரருக்குப் பாவமாக இருந்தது.

"இங்க பாரு, கண்டதையும் கேட்டுக் கெட்டுப்போகாதே. மருந்து தீர்றதுக்குள்ள நீயும் போய்ப் போட்டுக்க. வேணும்னா நான் கூட வந்து கையைப் பிடிச்சுக்கறேன், வா."

குல்லாக்காரர் பதில் சொல்வதற்குள் வகுப்பறை ஜன்னலிலிருந்து நர்ஸம்மாவின் குரல் கேட்டது.

"மருந்து எல்லாம் காலி, டாக்டர்! நாளைக்கு எந்தத் தெருவுல போய் நின்னு ஊசி போட்டுக்காதீங்கன்னு கத்தப்போறீங்க?"