கிணற்றுக்குள் இரண்டு பேர்

பாறையில் வைத்த மூன்று வெடிகளுக்கும் திரி கொளுத்தியாகிவிட்டது. வெள்ளியங்கிரி கூடைக்குள் கால் வைத்து, "இழு" என்று மேலே பார்த்துக் குரல் கொடுத்தான்.

அறுபதடி ஆழம். அன்னூருக்குக் கிழக்கே, பங்காரம்மாவின் மானாவாரிக் காட்டில் வெட்டிக்கொண்டிருந்த கிணறு. மழை பொய்த்து இரண்டு வருஷம். அந்தம்மாள் வீட்டு மாடுகளுக்கே தண்ணீர் இல்லை. பாறையை உடைத்து உடைத்து இறங்கிக்கொண்டிருந்தார்கள்.

மேலே ராட்டினத்தில் கயிறு இழுத்தவர்கள் இரண்டு பேர். சின்னான், வேலைக்குப் புதுசு. இன்னொருவன் மாசிலாமணி.

வெள்ளியங்கிரியும் மாசிலாமணியும் ஒரே தெருவில் பிறந்தவர்கள். மாசிலாமணியின் குடும்பம் வேதத்தில் சேர்ந்து கிறிஸ்தவர்களானபோது தெருவே அவர்களோடு பேச்சை நிறுத்தியது. வெள்ளியங்கிரி நிறுத்தவில்லை. பதினோரு வருஷமாகச் சேர்ந்தேதான் கிணறு வெட்டுகிறார்கள். ஞாயிற்றுக்கிழமை மாசிலாமணி கோயிலுக்குப் போய்விடுவான். அன்றைக்கு வெள்ளியங்கிரியும் கிணற்றில் இறங்கமாட்டான். இன்னொருத்தனை நம்பிக் கயிற்றில் தொங்க அவனுக்கு மனசு வராது.

கூடை மூன்று ஆள் உயரம் வந்திருக்கும். சுவரில் நீட்டிக்கொண்டிருந்த கல்லில் இடித்துச் சாய்ந்தது.

கீழே கிடந்தபோதுதான் விழுந்துவிட்டது தெரிந்தது. வலது கால் முழங்காலுக்குக் கீழே வேறு பக்கம் திரும்பிக் கிடந்தது.

கைக்கு எட்டும் தூரத்தில் ஒரு திரி சீறிக்கொண்டிருந்தது. பிடுங்கி எறிந்தான். மற்ற இரண்டும் கற்குவியலுக்கு அந்தப்புறம். ஊர்ந்து பார்த்தான். ஒரு முழம்கூட நகர முடியவில்லை.

புகை நிறைந்தது. மேலே வட்டமாகத் தெரிந்த வானம் மறைந்துபோயிற்று.

சின்னான் ஓடும் சத்தம் கேட்டது. அவனைக் குற்றம் சொல்ல முடியாது. திரி பற்றிய பிறகு எவனும் கிணற்று மேட்டில் நிற்கக் கூடாது. ஒருவனே நின்று ஓர் ஆளை இழுத்து ஏற்றவும் முடியாது.

"மாசிலாமணி, நீயும் ஓடிரு. நிக்காதே."

பதில் வரவில்லை. போய்விட்டான் என்று நினைத்தான். நிம்மதியாகத்தான் இருந்தது. பெண்டாட்டி காளியாத்தாளிடம் போய்ச் சொல்ல ஓர் ஆளாவது மிஞ்சும். பாவம், அவள் மத்தியானச் சோறு எடுத்துக்கொண்டு புறப்பட்டிருப்பாள்.

அப்போது கயிறு ஆடியது.

புகைக்குள்ளிருந்து முதலில் இரண்டு பாதங்கள் வந்தன. பிறகு மாசிலாமணி முழுசாக வந்தான். கயிற்றைத் தூணில் கட்டிவிட்டுச் சறுக்கியே இறங்கியதில் உள்ளங்கை இரண்டும் உரிந்திருந்தன.

இறங்கியவன் திரி இருந்த பக்கம் திரும்பவே இல்லை. நேராக வந்து பக்கத்தில் உட்கார்ந்தான். வெள்ளியங்கிரியின் தலையைத் தூக்கித் தன் மடியில் வைத்துக்கொண்டான்.

வெள்ளியங்கிரிக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது.

"கிறுக்கா, என்னைய என்னடா பாக்கறே? திரியப் பாரு. கல்லுக்கு அந்தப் பக்கம், ரெண்டு கெடக்குது."

மாசிலாமணி திடுக்கிட்டு நிமிர்ந்தான். மறு கணம் கற்குவியலைத் தாண்டியிருந்தான்.

ஒரு திரி இழுத்ததும் வந்துவிட்டது. மற்றது எரிந்து எரிந்து வெடிமருந்துக் குழியின் வாய்க்கே போயிருந்தது. பிடி கிடைக்கவில்லை. வாயில் அடைத்திருந்த களிமண்ணை நகத்தால் பறித்தான். விரலை உள்ளே விட்டான். நெருப்பு சுட்டது. விரலை எடுக்கவில்லை.

வெள்ளியங்கிரி கண்ணை இறுக மூடிக்கொண்டான்.

ஒன்றும் கேட்கவில்லை.

கண்ணைத் திறந்தபோது மாசிலாமணி பாறையில் சாய்ந்திருந்தான். கையில் கருகிய திரித் துண்டு. தோள் குலுங்கியது. அழுகிறான் என்று நினைத்தான் வெள்ளியங்கிரி. அழவில்லை, சிரித்துக்கொண்டிருந்தான். உடைந்த காலோடு வெள்ளியங்கிரியும் சிரிக்க ஆரம்பித்தான்.

இரண்டு காடு தள்ளிக் காதைப் பொத்திக்கொண்டு நின்ற ஜனங்கள் வெடிச்சத்தம் வராததால் ஒவ்வொருவராகத் திரும்பி வந்தார்கள். கிணற்றுக்குள்ளிருந்து சிரிப்புச் சத்தம் கேட்டது. சின்னான்தான் முதலில் ஓடிப்போய்க் கயிற்றைப் பிடித்தான். ஆறு பேர் சேர்ந்து இழுத்தார்கள். ஒரே கூடையில் இரண்டு பேரும் வெயிலுக்கு வந்தபோது, கல் சுமக்கும் பெண்கள் குலவை போட்டார்கள். தலையில் கை வைத்து நின்றிருந்த பங்காரம்மா அப்படியே மண்ணில் உட்கார்ந்துவிட்டார்.

அவர் வீட்டு வண்டியிலேயே ஆஸ்பத்திரிக்குப் புறப்பட்டார்கள். வைக்கோல் மேல் வெள்ளியங்கிரி. பக்கத்தில், இரண்டு கையிலும் ஈரத்துணி சுற்றிக்கொண்டு மாசிலாமணி. வழியெல்லாம் ஜனங்கள் நின்று பார்த்தார்கள்.

வெள்ளியங்கிரிக்கு ஒன்று மட்டும் ஆறவில்லை.

"எறங்குனதும் திரியப் புடுங்காம எங்கிட்ட வந்து எதுக்குடா உக்காந்தே? நான் சொல்லலீன்னா ரெண்டு பேரும் போயிருப்போம்."

மாசிலாமணி கையில் அவிழ்ந்த ஈரத்துணியைப் பல்லால் இழுத்து இறுக்கினான்.

"மேல இருந்து பாத்தப்போ வெறும் பொகைதான் தெரிஞ்சுது. திரியெல்லாம் எரிஞ்சு குழிக்குள்ள போயிருச்சு, இனி ஒண்ணும் பண்ண முடியாதுன்னுதான் நெனச்சேன்."

"அப்பறம் எதுக்குடா எறங்குனே?"

மாசிலாமணி திரும்பிப் பார்த்தான். இதில் கேட்க என்ன இருக்கிறது என்பது போல் இருந்தது அவன் முகம்.

"நீ தனியா இருந்தியே. ரெண்டு பேரா வாரோமுங்கன்னு ஆண்டவர்கிட்டச் சொல்லிப்போட்டுத்தான் கயிறப் புடிச்சேன்."