மைனஸ் எடைக் கப்பல்

“கப்பல் சரக்கோட மொத்த எடை மைனஸ்ல கீது சார். இத்த எந்த கேப்டன் வாங்குவாரு?”

டெரிக் பட்டியலை மேசைமேல் போட்டான். கப்பல் ஏஜென்ட் அலுவலகத்தில் அவனுக்கு வேலை. நூற்றிருபது கன்டெய்னர்களை ஏற்றிக்கொண்ட கப்பல், சரியான எடைப் பட்டியல் இல்லாமல் ஹார்பரிலேயே நின்றது.

“காலையிலேர்ந்து நாலு பேர் பார்த்துட்டோம். கணக்கு கரெக்டா இருக்கு, பிரிண்ட் ஆகும்போதுதான் தப்பாகுது,” என்றார் ரகுபதி. அந்தப் பட்டியலை அச்சடிக்கும் மென்பொருளை எழுதிக் கொடுத்த ராயபுரம் கம்பெனியை நடத்துபவர் அவர். “இப்ப சங்கமித்ராகிட்ட கொடுத்திருக்கேன். கொஞ்சம் உட்காருங்க.”

கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் ஒரு பெண், காதில் ஹெட்போன் மாட்டிக்கொண்டு தலையைச் சாய்த்தபடி உட்கார்ந்திருந்தாள். டெரிக்குக்கு எரிச்சல் பொத்துக்கொண்டு வந்தது.

“பாத்தியா நைனா,” என்றான் பக்கத்து நாற்காலிக்காரரிடம். “அங்க கப்பலு நின்னுகினு கீது. இந்தம்மா பாட்டு கேட்டுகினு கீது.”

“அது என் பொண்ணுதாம்பா.” அவர் கோபப்படவில்லை. பெயர் அசோகன், கொருக்குப்பேட்டை கூட்ஸ் யார்டில் மூட்டை ஏற்றி இறக்கும் கலாசி. “பாட்டு இல்ல, வேலைதான் செஞ்சிகினு கீது. வியாசர்பாடில எங்க பிளாக்குலயே அதுதான் மொத கம்ப்யூட்டர் இன்ஜினியரு. மூணு மாசம் பாத்துட்டுத்தான் பர்மனென்ட் பண்ணுவாங்களாம். இன்னியோட முடியுது.”

டெரிக் நாக்கைக் கடித்துக்கொண்டான்.

கால் மணி நேரம் கழித்து, “சார், கெடைச்சிடுச்சு,” என்று குரல் வந்தது. ரகுபதி விரைந்தார். டெரிக்கும் பின்னாலேயே போய் நின்றான்.

“பிரிண்ட் பண்ற மேக்ரோவுலதான் தப்பு சார். அந்த ஒரு வரிதான் நாப்பது இடத்துல போய் உக்காருது. பெரிய எண்ணுக்கு பர்சென்ட், சின்ன எல், டி-ன்னு வரணும். இதுல எல் இல்ல, நம்பர் ஒண்ணு அடிச்சிருக்காங்க. சின்ன கப்பலுக்குத் தாங்கும். எடைய கிராம்லதான் வெச்சிருக்கோம், எண்ணு இருநூறு கோடிய நல்லா தாண்டிட்டா மைனஸ்ல கவுத்துடும்.”

ரகுபதி திரையருகே முகத்தைக் கொண்டுபோனார். “ரெண்டும் ஒரே குச்சியாத்தானே தெரியுது,” என்று முனகினார்.

சங்கமித்ரா ஓர் எழுத்தைத் தட்டினாள். டாட் மேட்ரிக்ஸ் பிரிண்டர் கிறீச்சிட்டது. மூவாயிரத்துப் பன்னிரண்டு டன். மைனஸைக் காணோம்.

“நாளைக்கு வந்து பர்மனென்ட் ஆர்டரை வாங்கிக்கம்மா,” என்றார் ரகுபதி.

தடுப்புக்கு வெளியே வந்த டெரிக்கால் கேட்காமல் போக முடியவில்லை. “நாலு பேர் கண்ணுல படாதது, உங்க பொண்ணு கண்ணுல மட்டும் எப்டி நைனா பட்டுச்சு?”

அசோகன் நெஞ்சை நிமிர்த்தி எழுந்தார்.

“கண்ணுல எங்க பட்டுச்சுப்பா? ஒவ்வொரு எழுத்தா கம்ப்யூட்டரு படிச்சுச் சொல்லும், அப்டித்தான் காதுல வுழுந்துச்சு,” என்றவர், மகள் வந்ததும் அவள் கையில் வெள்ளைக்கோலை விரித்துக் கொடுத்தார்.