பதினாறு பச்சைப் புள்ளிகள்

மகளின் இரத்தத்திலிருந்து எடுத்து, பச்சைச் சாயம் ஏற்றிய மருந்தைச் சேர்த்திருந்த வெள்ளணுவை நுண்ணோக்கியில் பார்த்ததும் எபநேசர் மனைவிக்குப் போன் செய்தார். "மருந்து உள்ள போயிடுச்சு ஸ்டெல்லா! பச்சையா மின்னுது." இந்தச் சோதனை பலித்தால்தான் மகளுக்கு ஊசி போடுவார்கள்.

"அவசரப்படாதீங்க சார்," என்றாள் ஆய்வாளர் தில்லைநாயகி. "அணு தன் தோலையே மடிச்சு, பை பண்ணி, அதுல வச்சுத்தான் மருந்த உள்ள இழுக்கும். ஒவ்வொரு புள்ளியும் ஒரு பை. அதுலேர்ந்து வெளிய வந்தாத்தான் வேலை செய்யும்."

"வரலைன்னா?"

"அணு செரிச்சுடும். பெரும்பாலும் அப்படித்தான். ஆனா கொஞ்சம் தப்பிச்சாலும் போதும். அப்ப புள்ளி மறைஞ்சு, அணு முழுக்க லேசா பச்சை பரவும்."

நாற்காலியை முழங்காலால் தள்ளிவிட்டு அவர் மறுபடி குனிந்தார். பதினாறு புள்ளிகள். அவை நகர்ந்துகொண்டே இருந்ததால் திரும்பத் திரும்ப எண்ணினார். பதினாறு. பதினாறு.

துண்டிக்க மறந்த போனிலிருந்து ஸ்டெல்லாவின் குரல் வந்தது. "என்னங்க, ரவைய வறுத்துட்டேன். கேசரி கிண்டிடட்டா?"

பதினைந்து. மறுபடி எண்ணினார். பதினைந்து.

"அடுப்ப சிம்ல வை," என்றார், கண்ணை எடுக்காமல்.