லோடு ட்ரையல்

"என் வண்டி எங்க வே?"

ஜெயினுலாப்தீன் பாயின் ஒர்க்‌ஷாப் வாசலில் நின்று மிக்கேல்ராஜ் போட்ட சத்தத்தில், பக்கத்து ஸ்பேர் பார்ட்ஸ் கடை ஜமால் கையிலிருந்த கட்டிங் சாயாவைக் கீழே வைத்துவிட்டார்.

"தாராவி முழுக்கக் கேக்குதுடே! பாய் ட்ரையலுக்கு எடுத்துட்டுப் போயிருக்காரு."

"எப்போ போனாரு?"

"பதினோரு மணி இருக்கும்."

இப்போது மணி மூன்று. நாலு மணி நேரம் ட்ரையலா? அதற்குள் புனேவுக்கே போய்விடலாமே!

மிக்கேல்ராஜின் கோபத்திலும் நியாயம் இருந்தது. மூன்று லட்சம் கிலோமீட்டர் ஓடித் தேய்ந்த பிக்கப் வேன் அது. நாளைக் காலை ஐந்து மணிக்கு ஐரோலியில் ஒரு கம்பெனி கேன்டீனுக்கு இட்லி மாவு டின்களோடு போய் நிற்க வேண்டும். புது காண்ட்ராக்ட். முதல் நாளே வண்டி வழியில் நின்றால் அத்தோடு சரி, மறுநாள் வேறு ஆள் வந்துவிடுவான். அந்தப் பயத்தில்தான் பெரிய சர்வீஸுக்கே விட்டான். டைமிங் பெல்ட், கிளட்ச் பிளேட், பிரேக் லைனர், கியர் ஆயில் என்று எல்லாவற்றையும் மாற்றி, "இன்னைக்கு மதியம் சாவி ஒன் கையில" என்று பாய் அடித்துச் சொல்லியிருந்தார்.

பாய்க்குப் போன் அடித்தான். எடுக்கவில்லை. அதற்குள் அவன் மனைவி லூசியம்மாளின் போன் வந்தது.

"என்னங்க, வண்டியை வாடகைக்கு விட்டிருக்கியளா?"

"எந்த வண்டியை?"

"நம்ம வண்டியைத்தான்! செம்பூர்ல பஸ்ஸுக்கு நிக்கேன், எதுத்தாப்ல போவுது. பீரோ, கட்டில், கேஸ் சிலிண்டர், எல்லாத்துக்கும் மேல ஒரு மாதா சொரூபம். ஓட்டுறது யாரு தெரியுமா? ஒங்க பாய்! பாட்டு வேற பாடிட்டுப் போறாரு. இந்தா, ஸ்டேஷன் பக்கத்துப் புது பில்டிங்குக்குள்ள திரும்புது."

"அடப்பாவி! இதுதான் ட்ரையலா?"

மிக்கேல்ராஜ் திரும்பி ஜமாலை முறைத்தான். ஜமால் அவசரமாகச் சாயாவை எடுத்துக்கொண்டு கடைக்குள் போய்விட்டார்.

"போயி கையும் களவுமா பிடிங்க. நாக்கைப் பிடுங்குற மாதிரி நாலு கேள்வி கேட்டுட்டு வாங்க!" என்றாள் லூசி.

சயானில் ஆட்டோ பிடித்தான். வழியெல்லாம் அந்த நாலு கேள்வியையும் மனசுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டே போனான்.

பில்டிங் வாசலில் அவன் பிக்கப் நின்றது. பீரோவின் ஒரு முனை பாயிடம், மறுமுனை ஒரு பெண்ணிடம்.

"பாய்!"

"வந்துட்டியா? நல்ல சமயம்டே. இந்தப் பக்கம் பிடி, பாவம், ஆனிக்கு இடுப்பு ஒடியுது."

மாட்டிக்கொண்ட ஆள் திருதிருவென்று முழிக்க வேண்டாமா? வேலை ஏவுகிறார்! அதைவிடக் கொடுமை, யோசிப்பதற்குள் மிக்கேல்ராஜ் பீரோவைப் பிடித்துவிட்டான். லிஃப்ட் இன்னும் ஓடவில்லை. வீடு இரண்டாவது மாடியில்.

"எம்புட்டு... வாடகை... வாங்குனீரு?" கோபத்தில் 'நீங்க' எல்லாம் 'நீரு' ஆகிவிட்டது.

"படி பாத்து வையி."

"என் வண்டியில... நீரு... சம்பாதிக்கீரா?"

"இடது பக்கம் திருப்பு. ஆங், அப்படித்தான்."

பீரோவைச் சுவரோரம் வைத்ததும் ஆனி முகத்தைத் துடைத்துக்கொண்டு கை கூப்பினாள்.

"ஒங்க வண்டியா அண்ணாச்சி? நல்லா இருப்பீங்க. பதினெட்டு வருஷம் ஆண்டாப் ஹில்லுல வாடகைக் குடிசை. இன்னைக்குத்தான் சொந்த வீட்டுச் சாவி கிடைச்சுது. டெம்போக்காரன் வாய்க்கு வந்ததைக் கேட்டான். பாய்தான், 'ட்ரையலுக்குக் காசு கிடையாது, சாமானை ஏத்து'ன்னுட்டாரு."

மிக்கேல்ராஜ் பாயின் பக்கம் திரும்பினான்.

"காலி வண்டியை ஓட்டிப் பாக்குறது ஒரு ட்ரையலாடே?" என்றார் பாய். "லோடோட பாலம் ஏறுனாத்தான் கிளட்ச் வழுக்குதா, பிரேக் நிக்குதான்னு தெரியும். காலியா ஓட்டயில ஒரு கோளாறும் இல்ல. இவ சாமானை ஏத்திட்டுப் பாலம் ஏறவும் ரேடியேட்டர் பைப்பு வெடிச்சுத் தண்ணி பீச்சிட்டு! அதை மாத்தவே ஒரு மணி நேரம். இப்போ வண்டி சும்மா ஜம்முனு இருக்கு."

நாளைக் காலை ஐரோலி பாலத்தில், மாவு டின்களோடு, புகை கக்கும் வண்டிக்குப் பக்கத்தில் தான் நிற்பதை மிக்கேல்ராஜ் நினைத்துப் பார்த்தான். நல்ல வேளை!

"எப்படியும் லோடு ஏத்தணும். செங்கல்லை ஏத்துறதுக்குப் பதிலா ஒரு வீட்டுச் சாமானை ஏத்துனா என்ன கெட்டுப்போச்சு?"

ஆனியின் பிள்ளைகள் அறைக்கும் அடுப்படிக்குமாக ஓடி ஓடி எல்லா ஸ்விட்சையும் போட்டுப் போட்டு அணைத்தார்கள். புது வீட்டில் காய்ச்சிய பாலில் போட்ட முதல் சாயா மிக்கேல்ராஜுக்குத்தான் வந்தது. குடிக்கக் குடிக்க அவனுக்கே சந்தோஷம் தாங்கவில்லை.

போன் அடித்தது. லூசி.

"பிடிச்சிட்டியளா?"

"பிடிச்சேன், பீரோவை. இன்னும் கட்டில் கிடக்கு, போனை வை!"

ஆனால் மனசின் ஒரு மூலையில் இன்னும் உறுத்தல் இருந்தது.

"எல்லாம் சரி பாய். இருந்தாலும் அடுத்தவன் வண்டில்லா? தர்மம் பண்ணுறதுன்னா நம்ம பொருள்ல பண்ணணும். எங்களுக்குக் கல்யாணம் ஆன புதுசுல, கையில காலணா இல்லாம குர்லாவுலேருந்து தாராவிக்கு வந்தமே. அன்னைக்கு நீங்க எங்க சாமானை எல்லாம் ஒங்க சொந்த லாரியிலல்லா ஏத்திட்டு வந்தீங்க? லூசி இன்னைக்கும் சொல்லிச் சொல்லி மாஞ்சு போவா. அது தர்மம்!"

பாய் சாயாவை ஒரே மடக்கில் குடித்துவிட்டு, விழுந்து விழுந்து சிரித்தார்.

"எனக்கு ஏதுடே லாரி?"