எறும்பு நுழையாத வாசல்

ஒரு வீட்டில் இணையம் நுழையும் வாசலில் ரவுட்டர் காவல் இருந்தது. வருகிற ஒவ்வொன்றையும் நிறுத்தி விசாரிக்கும். கம்ப்யூட்டரும் டிவியும் தங்களுக்குள் பேசினாலும் விசாரிக்கும்.

"அண்ணே, நாங்க ஒரே வீட்டுப் பிள்ளைங்க. எங்களுக்குள்ள என்ன சோதனை?" என்றது டிவி.

சரியென்று ரவுட்டர் இரண்டுக்கும் நடுவே ஒரு பாலம் போட்டுக் கொடுத்தது. அதன்பின் அந்தப் பக்கம் திரும்பியே பார்க்கவில்லை.

மறுவாரம் யாரோ கொடுத்த பென்டிரைவை டிவி ஆசையாகச் செருகிக்கொண்டது. அதில் ஒளிந்திருந்த வைரஸ் பாலத்தைக் கடந்துபோய், கம்ப்யூட்டரில் இருந்த கல்யாண போட்டோக்களை எல்லாம் அழித்துவிட்டது.

"எல்லாம் போச்சே அண்ணே" என்று அழுதது கம்ப்யூட்டர்.

"வாசல் வழியாவா வந்துச்சு?"

"இல்லண்ணே."

ரவுட்டர் தன் பச்சை விளக்குகளை எல்லாம் ஒருசேர எரியவிட்டது.

"அதானே பார்த்தேன். என்னைத் தாண்டி ஒரு எறும்பு நுழையுமா?"