ஓங்காத கை

சமையலறை ஜன்னல் வழியாக விழும் மாலை வெயிலில், போன மாதம் ஞானஸ்நானம் எடுத்த பெயின்டர் அடிப்பிடித்த சட்டியைத் தேய்த்துக்கொண்டிருக்கிறான். பக்கத்தில் நிற்கும் மனைவி, ஆணியில் தொங்கும் அவன் சட்டையை இன்றைக்கும் முகர்ந்து பார்க்கிறாள். சாராய நாற்றம் இல்லை, டர்பன்டைன் வாடைதான். "பூனை சைவமாயிட்டேன்னு சொன்னா எலி நம்பிடுமா?" என்கிறாள். "கர்த்தர் என்னைத் தெரிஞ்செடுத்து சுத்தமாக்கிட்டாரு" என்கிறான் அவன், தலை நிமிராமல். "அவருக்கு முன்னாடியே உங்களைத் தெரிஞ்செடுத்தவ நான். அப்ப எங்க போச்சு இந்தச் சுத்தம்?" அவன் சட்டியை அலசி, அவள் தலைக்கு மேலிருக்கும் அலமாரியில் வைக்கக் கையைத் தூக்குகிறான். அவள் முழங்கை தானாக எழுந்து முகத்தை மறைக்கிறது. சட்டியிலிருந்து சொட்டும் தண்ணீர் அவள் தோளை நனைக்கிறது. அவன் மெதுவாகக் குனிந்து, சட்டியைத் தரையில் வைத்துவிட்டு இரண்டடி தள்ளி நிற்கிறான். முழங்கை இன்னும் இறங்கவில்லை.