நடுவில் இருந்த டியூப்

மூன்று சக்கர லோடு வண்டியின் பின் ரிம்மில், பழைய கார் டயர் ஒன்றை மரியசூசை நெம்பி நெம்பி மாட்டினான். டயரின் விளிம்பு ரிம்மில் சரியாக உட்காரவில்லை. அந்த இடைவெளி உள்ளே இருந்த டியூப்புக்கு மட்டும்தான் தெரிந்தது. காற்று ஏற ஏற, அதன் வயிறு அங்கே பிதுங்கியது.

"ரிம் அண்ணே, இது பொருந்தல. கொஞ்சம் ஆடிக் காட்டுங்க," என்றது டியூப்.

"ஆடினா என்னைக் கழட்டிப் பழைய இரும்புக் கடையில போட்டுருவான். பேசாம இரு."

"டயர் அண்ணே, நீங்களாவது காட்டுங்க."

"நான் செங்கல் சூளையில விறகுக்குப் பதிலா எரிய இருந்தவன்டா. திரும்பவும் என்னை அங்க அனுப்பிடாத."

மரியசூசை டயரை உதைத்துப் பார்த்தான். "கல்லாட்டம் இருக்கு," என்று சொல்லி சிமெண்ட் மூட்டைகளை அடுக்கினான். மூட்டைகளின் மேல் மனைவியையும் கைக்குழந்தையையும் உட்காரவைத்தான்.

மலைச் சரிவில் வண்டி வேகமெடுத்தது. ஒவ்வொரு சுற்றிலும் ரிம்மின் விளிம்பு டியூப்பைத் தேய்த்தது. மேலே குழந்தை சிரிப்பது கேட்டது.

ரிம் நடுங்கியது. "தம்பி, கீழ போற வரைக்கும் தாங்குவியா?"

"ஏதாவது சொல்லேன்டா தம்பி," என்று டயரும் கெஞ்சியது.

டியூப் வாயைத் திறக்கவில்லை. திறந்தால் காற்று போய்விடும்.